கையெழுத்துத் தாள் வேண்டாம், ஆறு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்

காசிமேடு பாதயாத்திரைக் குழுத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளர், பொருளாளர் தம்பிகளுக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்ற எல்லோருக்கும்,

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது சிற்றாலயமான நம் குருசடியின் சுவரில் நீங்கள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். இந்த வருடம் ஆகஸ்ட் 23 அதிகாலையில் கிளம்பி, 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி போய்ச் சேர்வது என்று போட்டிருந்தீர்கள். ஏழு நாள். இத்தனை வருடமாக 20-ஆம் தேதி கிளம்பிப் பத்து நாள் நடந்து வந்திருக்கிறோம். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரிகள். நடக்க முடியாதவர்களுக்காகக் குழு நிற்காது, அவர்கள் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். பெண்கள் இரவு தங்கும் ஏற்பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், வழியில் எது நடந்தாலும் குழு பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பெயர் சேர்க்கப்படும்.

எனக்கு வயது 53. பதினோரு முறை உங்களோடு நடந்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் கடைசி எட்டு முறை முதலுதவிப் பையை என் தோளில்தான் மாட்டிவிட்டீர்கள். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஏன் என்பதை இரண்டு தடவை நேரில் வந்து சொன்னேன். இரண்டு தடவையும் “முடிவு பண்ணியாச்சும்மா” என்ற பதில்தான் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். நம்மைப் போலவே ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கிளம்பும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களும் படித்தால் நல்லது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காசிமேட்டிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 330 கிலோமீட்டர். பத்து நாள் என்றால் நாளுக்கு 33. நம் கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, சப்பர வண்டிக்குப் பின்னால் நடக்கும் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். அதற்கு மேல் போனதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஒன்பது மணிக்குள் இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டர் முடித்துவிடலாம். வெயில் நேரம் முழுக்கப் படுத்துக் கிடக்கலாம். சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பி மிச்சத்தை நடந்தால் எட்டு மணிக்குச் சாப்பாடு. இதுதான் நமக்கு முன்னால் நடந்தவர்கள் வகுத்து வைத்த முறை. யாரும் படித்துவிட்டு வந்து சொன்னதல்ல, கால் சொல்லிக்கொடுத்தது.

ஏழு நாள் என்றால் நாளுக்கு 47 கிலோமீட்டர். ஓய்வைச் சேர்க்காமல் நடை மட்டுமே பன்னிரண்டு மணி நேரம். அப்படியானால் ஒன்று உச்சி வெயிலில் தார்ச்சாலையில் நடக்க வேண்டும், இல்லையென்றால் நள்ளிரவில் நடக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இதை அறிவிப்பில் நீங்கள் எழுதவில்லை.

போன வருடம் சப்பர வண்டி பழுதாகி இரண்டு நாள் தாமதமாகக் கிளம்பினோம். கொடியேற்றத்துக்குப் போயே தீர வேண்டும் என்று எட்டு நாளில் முடித்தோம். நாளுக்கு 41. அந்த எட்டு நாளில் என்ன நடந்தது என்று உங்களில் முன்னால் நடந்தவர்களுக்குப் பாதிதான் தெரியும். நான் கடைசி ஆளோடு நடக்கிறவள். மீதியை நான் சொல்கிறேன்.

நான்காம் நாள் மரக்காணம். அந்த உப்பளப் பகுதி உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பாத்தி, ஒரு மரம் கிடையாது. அந்த இடத்தைக் காலை எட்டு மணிக்கு முன்னால் தாண்டிவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். போன வருடம் நாம் அங்கே போனபோது மணி பன்னிரண்டு. என் நாத்தனாருக்கு 61 வயது, பதினான்கு வருடமாகச் சர்க்கரை. பேரப்பிள்ளைக்காகச் செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டு வந்திருந்தார். மத்தியானம் உட்கார்ந்தபோது அவர் பாதத்தைப் பார்த்து நான் அதிர்ந்துபோனேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் எழும்பி உடைந்து, தோல் ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. “வலிக்கலையா அண்ணி?” என்று கேட்டேன். “லேசா எரியுது” என்றார். சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். சுடுவது தெரியாது, குத்துவது தெரியாது, புண்ணானதும் தெரியாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்குத் தினமும் சொல்கிற விஷயம். கூடவே நடந்த என் நாத்தனாரிடம் நான் சொல்லவில்லை, நேர்ச்சையில் குறுக்கே நிற்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வந்த மூன்றாவது வாரம் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை, கடலூர் நெருங்கும் நேரம். நம் காசிமேட்டுப் பையன், 19 வயது, மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. ஐஸ் பெட்டியைத் தனியாளாகத் தூக்குகிறவன். அவன் தாங்கமாட்டான் என்று யாரும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் முன்னால் நடந்து கொடி பிடித்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கிய புது ஷூ. அதற்கு முன்னால் அவன் ஒரே மூச்சில் ஐந்து கிலோமீட்டர்கூட நடந்ததில்லை என்று அவனே பிறகு சொன்னான், எங்கே போனாலும் பைக்தான். மூன்றாம் நாளிலிருந்து தொடை இறுகிப்போய் விந்தி விந்தி நடந்தான். வலிக்கு மாத்திரை கேட்டான். நான் டைக்ளோஃபினாக் கொடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மறுநாளும் கொடுத்தேன். அவன் தண்ணீர் குடித்தானா, சாப்பிட்டானா என்று கேட்கவில்லை. என்னைச் சுற்றி அந்த நேரத்தில் பத்துப் பேர் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, ஒண்ணுக்கு டீ கலர்ல போகுது” என்றான்.

அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பழக்கமில்லாத உடம்பை நாள் கணக்கில் வெயிலில் நடக்கவைத்ததில் தசை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். தண்ணீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை போட்டது இன்னும் கெடுத்திருக்கிறது என்றும் சொன்னார். யார் கொடுத்தது என்று அவர் கேட்டபோது நான்தான் என்று சொன்னேன். ஆறு நாள் குளுக்கோஸ் ஏற்றி அவனைப் பிழைக்கவைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், கடலுக்கும் போகிறான். அவன் அம்மா என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

இதை எழுதுவது உங்கள்மேல் மட்டும் பழி போட அல்ல என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஒரு மருந்துக்கடை ஊழியை, ஒரு தோள்பை, 74 பேர். இதை முதலுதவி ஏற்பாடு என்று எட்டு வருடம் நானும் நம்பினேன், நீங்களும் நம்பினீர்கள்.

மூன்றாவது விஷயம் அதே நாள் ராத்திரி நடந்தது. விட்ட தூரத்தைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு மணிக்கே எழுப்பிவிட்டுக் கிளம்பினீர்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், மூன்றரை மணி இருக்கும், பின்னாலிருந்து வந்த ஒரு வேன் வரிசையின் கடைசியை உரசிக்கொண்டு போனது. இரண்டு பெண்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். கை கால் சிராய்ப்போடு தப்பித்தார்கள். வேனை நிறுத்தி இறங்கி வந்த டிரைவர் நடுங்கிக்கொண்டே, “கண்ணுக்கே தெரியலைம்மா” என்றார். அவர் சொன்னது உண்மை. சப்பர வண்டியில் சீரியல் பல்பு, மைக், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கிறது, எல்லாம் முன்னால். அதற்குப் பின்னால் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு வரும் கூட்டத்தின் கடைசியில் ஒரு டார்ச் லைட் கிடையாது. நாம் உடுத்தும் காவித் துணி பகலில் தூரத்திலிருந்தே தெரியும், இருட்டில் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். நாம் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நடந்த கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போது அதே சாலை இல்லை. மாமல்லபுரம் தாண்டி நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டே வருகிறார்கள். ஓரத்தில் நிழல் கொடுத்த மரங்கள் பல இடத்தில் போய்விட்டன, வண்டிகளின் வேகம் கூடியிருக்கிறது. சாலை மாறிவிட்டது, நாம் நடக்கும் விதம் மாறவில்லை.

இனி பெண்களைப் பற்றி. கொஞ்சம் விரிவாகத்தான் எழுதப்போகிறேன். படிக்கச் சங்கடமாக இருந்தாலும் படியுங்கள்.

போன வருடம் 74 பேரில் 29 பேர் பெண்கள். அந்த எட்டு நாளில் மயங்கி விழுந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் பெண்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் “பொம்பளைங்களுக்குத் தெம்பு பத்தல” என்றீர்கள். நம் பெண்கள் விடிகாலையில் மீன் ஏலத்துக்குப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறவர்கள். தெம்புக்குக் குறைவில்லை. அவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் இல்லை. ஆண்கள் ரோட்டோரம் திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள் இருட்டும்வரை அடக்க வேண்டும், இல்லை விடிவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை இரண்டே மடக்கு தண்ணீரில் நடந்த பெண்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி. மாதவிலக்கு நாளில் நடந்தவர்கள் துணி மாற்ற முடியாமல் தொடை இடுக்கு புண்ணாகி, அதை வெளியில் சொல்லாமல் நடந்தார்கள். ஊருக்கு வந்து சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கேட்டு என் கடைக்கு வந்தவர்களே நம் குழுவில் ஐந்து பேர்.

பெட்ரோல் பங்க்கில் கேட்டால் சில இடத்தில் சாவி கொடுப்பார்கள், சில இடத்தில் இல்லை என்பார்கள். கல்யாண மண்டபத்தில் தங்கிய இரவுகளில் இருக்கிற இரண்டு கழிப்பறையிலும் ஆண்கள் வரிசை. போன வருடம் நாகூரில் தர்கா பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு அம்மா நாங்கள் ஆறு பேர் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார். பின்கட்டுக்கு வழி காட்டினார். முகம் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தார், எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். பத்து நிமிடம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம். முகம் தெரியாத அந்த அம்மாவுக்குப் புரிந்தது, பதினோரு வருடம் கூட நடந்த உங்களுக்கு ஏன் புரியவில்லை என்று அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டோம். இதுவரை இருந்த கொஞ்சநஞ்ச ஏற்பாட்டையும் இந்த வருட அறிவிப்பில் எடுத்துவிட்டீர்கள். கட்டணம் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி வேலைக்குப் போகிற பையன்களுக்குப் பத்து நாள் லீவு கிடைப்பதில்லை. தங்குகிற மண்டபங்களின் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. டீசல், அரிசி, காஸ் எல்லாம் ஏறிவிட்டது. பக்கத்துக் குழு ஏழு நாளில் போகிறது, நம் குழு மட்டும் பத்து நாள் இழுக்கிறது என்று பேச்சு வருகிறது. சரி, முதல் மூன்றும் நியாயமான கஷ்டம். பணம்தான் பிரச்சனை என்றால் சொல்லுங்கள், நபருக்கு இன்னும் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்க நாங்கள் தயார், கொடுக்க முடியாதவர்களுக்குப் பெண்கள் நாங்களே திரட்டித் தருகிறோம். நான்காவது காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வேண்டுதலில் பந்தயம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்கிறீர்கள். கஷ்டப்பட்டு நடந்தால்தான் நேர்ச்சை, உடம்பைப் பார்த்துக்கொண்டு நடப்பது வாக்கிங், மற்றதை மாதா பார்த்துக்கொள்வாள் என்று. எனக்கும் அவள்மேல் அந்த நம்பிக்கை உண்டு. இல்லாவிட்டால் பதினோரு முறை நடந்திருக்க மாட்டேன். ஆனால் வேளாங்கண்ணியில் நடந்ததாக நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த கதையை யோசித்துப் பாருங்கள். அங்கே நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த நொண்டிப் பையனிடம் கையில் குழந்தையோடு வந்த அம்மா மோர் கேட்கிறாள். நாகப்பட்டினத்துக்குப் போய் அங்கிருக்கும் பணக்காரரிடம் எனக்கு ஒரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். எனக்கு நடக்க வராதே என்கிறான் பையன். எழுந்து நட என்கிறாள். அவன் எழுந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஓடுகிறான். முதலில் காலைக் கொடுத்தாள், அப்புறம்தான் அனுப்பினாள். அவளைப் பார்க்கப் போகிற வழியில் என் நாத்தனார் இரண்டு விரலைக் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தாய் கேட்டிருப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நாமெல்லாம் கடற்கரை மக்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காசிமேட்டில் என்ன நடக்கிறது? விசைப்படகைக் கரையேற்றி, பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, வலையைக் கண் கண்ணாகப் பார்த்துப் பின்னுகிறோம். இதையெல்லாம் செய்யாமல் ஜூன் 15 அன்று ஒருவன் படகைத் தள்ளினால் அவனை வீரன் என்று சொல்வோமா? படகுக்கு அவ்வளவு பார்க்கிறோம். 330 கிலோமீட்டர் நடக்கப்போகிற காலுக்கு எம்.சி. ரோட்டில் காவித் துணி எடுப்பதோடு தயாரிப்பு முடிந்துவிடுகிறது.

நம் தெருவில் ஐயப்ப சாமிகள் இருக்கிறார்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் ஒரு மண்டலம், 41 நாள். வெறுங்கால், விடிகாலைக் குளியல், ஒரு ஒழுங்கான சாப்பாடு, தரையில் படுக்கை. மலை ஏறுவதற்கு முன்னாலேயே உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. அவர்கள் அதை உடற்பயிற்சி என்று சொல்வதில்லை, விரதம் என்கிறார்கள். குருசாமி என்று ஒருவர் இருக்கிறார், கன்னிச்சாமியை அவர் கூடவே வைத்துக்கொள்கிறார். நம்மிடம் முதல் முறை நடக்கிறவனுக்கு அப்படி யாருமே இல்லை.

இத்தனை வருடத்தில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நம் ஊரிலிருந்தே பழகலாம். முதல் ஞாயிறு காசிமேட்டிலிருந்து ராஜாஜி சாலை வழியாக மெரினா உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பினால் போதும். இரண்டு வாரம் கழித்து அப்படியே சாந்தோம், அடையாறு பாலம் தாண்டிப் பெசன்ட் நகர் மாதா கோயில் வரை. ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்கே பூசை பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்துவிடலாம். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதுதான் முக்கியம். ஒரு நாள் நடந்துவிடுவது பெரிதில்லை, முந்தின நாள் வலியோடு மறுநாள் காலையில் எழுந்து நடப்பதுதான் பாதயாத்திரை. யாருக்கு எங்கே கொப்புளம் வருகிறது, யாருக்கு மூட்டு பிடிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். மரக்காணத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். கடைசி வாரம் நடையைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு.

நடக்கப்போகிற செருப்பையோ ஷூவையோ இந்த ஆறு வாரமும் போட்டுப் பழக வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும். ஈரமான சாக்ஸோடு நடப்பதால்தான் பாதிக் கொப்புளம் வருகிறது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றினாலே குறையும். ஓ.ஆர்.எஸ். பொடியின் பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிக்கிறார்கள், அது ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. பொடி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்னால் கேட்டே ஆக வேண்டும். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் சிலருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி நினைவே தப்பிவிடும். இதையெல்லாம் சொல்ல ஒரு சாயங்காலம் போதும். எட்டு வருடத்தில் அந்த ஒரு சாயங்காலத்தை நான் கேட்டுப் பெறவில்லை. இப்போது கேட்கிறேன்.

நான் கேட்பது இவைதான்.

புறப்படும் தேதியை மறுபடி ஆகஸ்ட் 20 ஆக மாற்றுங்கள். லீவு கிடைக்காத தம்பிகள் புதுச்சேரியிலோ சிதம்பரத்திலோ வந்து சேர்ந்துகொள்ளட்டும். பாதித் தூரம் நடந்தவனின் நேர்ச்சை பாதிதான் என்று யாரும் சொல்லக்கூடாது, அதை நீங்கள்தான் மைக்கில் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல், சாயங்காலம் நான்கு மணிக்கு முன்னால் நடை கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.

வருகிற ஞாயிறிலிருந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி நடை வையுங்கள். குறைந்தது நான்கிலாவது நடந்தவர்களுக்குத்தான் முழுத் தூரத்துக்குப் பெயர். நிர்வாகிகளுக்கும் இதே விதி இருக்கட்டும். முடியாமல் போனவர்களை விட்டுவிட வேண்டாம். பெசன்ட் நகரிலும் அதே ஆகஸ்ட் 29 அன்றுதான் கொடியேறுகிறது. அவர்களுக்காக அன்றைக்கு இங்கிருந்து அங்கே ஒரு நடை ஏற்பாடு செய்யுங்கள். என் நாத்தனார் அதில் ஆட்டோவிலாவது வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஐம்பது தாண்டியவர்களிடம் கையெழுத்து வாங்கும் தாளைக் கிழித்துப் போடுங்கள். அதற்குப் பதிலாக வயது வித்தியாசமில்லாமல் எல்லோரிடமும் ஒரு தாள் வாங்குங்கள். என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாருக்குப் போன் பண்ண வேண்டும். அந்தத் தாள் என் பையில் இருந்திருந்தால் போன வருடம் நேர்ச்சை என்று வாயை மூடிக்கொண்டு என் நாத்தனாரை வெறுங்காலில் விட்டிருக்க முடியாது. ஊருக்கு ஊர் 108-ஐ எங்கே வரச்சொல்வது என்று அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் பொறுப்பில் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒரு செவிலியரைக் கூட அழைத்துவர வேண்டும், அதற்கான சம்பளத்தைக் கட்டணத்தில் சேருங்கள். வலி மாத்திரையை இனி என் கையால் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

இரவு நடையில் கடைசியில் ஒரு வண்டி, பின்பக்கம் பார்த்த விளக்கோடு வர வேண்டும். சப்பரத்தின் சீரியல் பல்பில் பாதியைக் கழற்றி அங்கே மாட்டினாலும் போதும். வரிசையின் முன்னும் பின்னும் நடக்கிறவர்களுக்கு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் கொடுங்கள். மற்ற எல்லோர் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒரு சாண் நீளம் தைத்துக்கொள்ளலாம், தைக்கும் வேலையைப் பெண்கள் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பெண்கள் தங்க ஒவ்வொரு இரவும் பூட்டுப் போட்ட தனி அறையும், எங்களுக்கு மட்டுமான ஒரு கழிப்பறையும் வேண்டும். பகலில் பத்து கிலோமீட்டருக்கு ஓர் இடமாவது முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பங்குக் கோயிலோ பள்ளிக்கூடமோ பெட்ரோல் பங்க்கோ வீடோ எதுவாக இருந்தாலும் சரி. வழி பார்க்க நீங்கள் வேனில் ஒரு தடவை முன்னால் போய் வருவீர்கள் இல்லையா, இந்த வருடம் அந்த வேனில் இரண்டு பெண்கள் வருவோம். நாங்களே பேசிக்கொள்கிறோம். நிர்வாகக் குழுவிலும் இரண்டு பெண்களைச் சேருங்கள். பதினோரு வருடத்தில் ஒருவர்கூட இருந்ததில்லை.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் குருசடிக்கு முன்னால் நாங்கள் 22 பெண்களும், போன வருடம் கடலூரில் படுத்திருந்த அந்தப் பையனும் காத்திருப்போம். பதிலை அங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே முதல் பயிற்சி நடையை ஆரம்பிக்கிறோம். ஐந்து மணி, உழைப்பாளர் சிலை வரை. நீங்களும் வாருங்கள்.

உங்கள் முதலுதவிப் பையைச் சுமக்கும் சகோதரி,
காசிமேடு